தலையசைத்தால் பக்கம் திருப்பவும்

தொண்டை வலி என்று பொய் சொல்வதற்கு முன்னால், கேட்கிற கூட்டத்தில் பல் டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் பார்க்கவில்லை.

சேர்ந்திசைச் சங்கத்தின் புதன்கிழமை ஒத்திகை. பள்ளிக்கூடத்து மாடி ஹால். எல்லோரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் மாஸ்டரிடம் போனான். கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை, இந்தப் பருவம் பாட முடியும் என்று தோன்றவில்லை, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று, வீட்டில் மனப்பாடம் செய்து வந்ததைப் பிசகாமல் சொல்லி முடித்தான்.

மாஸ்டர் கையைத் தட்டினார்.

"டாக்டர், இங்க வாங்க. தம்பிக்குத் தொண்டையாம்."

ஆண்களின் கீழ்க்குரல் வரிசையிலிருந்து பல் டாக்டர் எழுந்து வந்தார். செல்போன் விளக்கைப் போட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். சங்கம் மொத்தமும் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. செக்ரட்டரி அம்மா வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்தக் கண்ணாடிக்கு அளவெடுத்துக் கொடுத்ததே அவன்தான்.

"தொண்டை பளிங்கு மாதிரி இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா கடைசிக் கடவாய்ப்பல் போயிடுச்சே தம்பி. வலிக்கலை?"

"இல்லையே."

"வலிக்கும். அதுக்கு முன்னாடி எடுத்துடுவோம்."

மறுநாள் பல் போயிற்று. சங்கத்து ஆளாயிற்றே என்று, காத்திருந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு அவனை முதலில் கூப்பிட்டுப் பிடுங்கினார். கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள். அவனுக்குப் பல் கிளம்பியது.

மாஸ்டர் விட்டபாடில்லை. "வாய் ஆறட்டும், இந்தப் பருவம் பாட வேண்டாம். அதுக்காக வீட்ல முடங்கிடாதீங்க. பியானோவுக்குப் பக்கம் திருப்புங்க," என்றார். சொல்லிவிட்டு இருமினார். மற்றவர்கள் கையிலிருந்த பாட்டுத் தாள்களில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

பியானோவுக்குப் பக்கம் திருப்புவது அவன் மனைவி பார்த்த வேலை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். நாள் முழுக்க ஆட்களை இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது தொழில். சங்கீதத்துக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சங்கத்தில் அவன் சேர்ந்தது ஒரு போஸ்டரால்.

கல்யாணமான புதிது. இருவரும் கடைவீதியில் நடந்துகொண்டிருந்தார்கள். நூலகத்துச் சுவருக்குப் பக்கத்தில் அவள் சட்டென்று நின்றாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை நன்றாக அழுத்தியது. தெருவில் வைத்து அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எதனால் இந்தப் பரவசம் என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் போஸ்டர். சேர்ந்திசைச் சங்கம், உயர்ந்த இசை, மழை, பனி, கோடை என மூன்று பருவக் கச்சேரிகள், புதிய குரல்களுக்கு வரவேற்பு. அவன் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தான். அவள் தோளை விட்டபோது, "சேரலாமா?" என்று கேட்டான். அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சேரலாமே," என்றாள்.

மாஸ்டர் அவனை மேலும் கீழும் பாடச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்து, "நல்ல உயரம்," என்றார். ஆண்களின் மேல்குரலுக்கு டெனர் என்று பெயர். எந்தச் சங்கத்திலும் அதற்குப் பஞ்சம். இந்தச் சங்கத்து டெனர் வரிசையில் ஒரு தையற்காரரும் ஒரு தபால்காரரும் மட்டும் நின்றார்கள். அவன் நடுவில் நின்றதில் அது வரிசை மாதிரி ஆயிற்று.

பழைய லத்தீன் பாட்டுகள். அர்த்தத்தை மாஸ்டர் ஒவ்வொரு பருவமும் ஒரு தடவை சொல்வார். எல்லோரும் ஒரு தடவை மறப்பார்கள். அவன் உதட்டை அசைத்துக்கொண்டு, பெண்கள் வரிசைக்கு முன்னால் பியானோ ஓரம் நிற்கிற அவளைப் பார்ப்பான். அவளும் அவனைப் பார்த்துச் சிரிப்பாள். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைப்பான். அந்தச் சிரிப்புக்காக எத்தனை பருவம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று தோன்றும். நின்றான்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு புதன்கிழமை மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். சட்டையை மாட்டுங்கள் என்றார். அவன் மாட்டினான். அன்றிலிருந்து மாட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. போனில் திட்டுவாள். பிடிக்கவில்லை என்றால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, யார் கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று கேட்பாள்.

"அவளுக்குப் பிடிச்சதுக்கா," என்றான் ஒரு தடவை.

"அவளே இல்லையேடா."

சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு அப்போதெல்லாம் எதுவும் ஆவதில்லை. ஆனால் கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. புடவைகளை அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டாள். மனைவியின் போன் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தப் புதன்கிழமை. அவனாக விட்டால் துரோகம். அவர்களாக அனுப்பிவிட்டால் விதி. விதியிடம் கொண்டுபோய் விடத்தான் அந்தத் தொண்டை. கடைசியில் பல் போனதுதான் மிச்சம்.

பக்கம் திருப்புவது சுலபம் என்றார்கள். பியானோ வாசிக்கிற அம்மா தலையசைத்தால் திருப்ப வேண்டும்.

அந்த அம்மா பேசி யாரும் கேட்டதில்லை. காது மந்தம் என்று கீழ்க்குரல் வரிசை சொல்லும். தலைக்கனம் என்று மேல்குரல் வரிசை சொல்லும். வருவார், கம்பளித் துணியை விலக்கிப் பியானோவைத் திறப்பார், வாசிப்பார், மூடுவார், போவார். நடுவில் மாஸ்டர் யாருக்காவது பாடம் எடுக்க ஆரம்பித்தால் அப்படியே கண்ணை மூடிவிடுவார்.

தலையசைப்புதான் சிக்கல். பக்கம் முடிந்தாலும் அசைப்பார். தாளத்துக்கும் அசைப்பார். நல்ல இடம் வந்தால் ரசித்தும் அசைப்பார். தூக்கத்திலும் அசைப்பார். எது எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு இசைக் குறிகளைப் படிக்க வராது. நாலு தலையசைப்புக்கு நாலு பக்கம் திருப்பினான்.

அவர் எதிரில் இருப்பதை வாசிக்கிறவர். வாசித்தார். பியானோ சோகப் பகுதியிலிருந்து நேராகக் கடைசி ஆனந்தப் பகுதிக்குப் போயிற்று. பெண்கள் பியானோ பின்னால் ஓடினார்கள். கீழ்க்குரல்காரர்கள் தலை நிமிர்ந்தே பாடிப் பழகாதவர்கள். விட்ட இடத்திலேயே தொடர்ந்தார்கள். பாதிச் சங்கம் செத்தவருக்காக அழுதுகொண்டிருக்க, பாதிச் சங்கம் சொர்க்கத்தில் குதித்துக்கொண்டிருந்தது.

இன்றோடு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவன் நிம்மதியாக நின்றான்.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ஆரம்பத்துல அப்படித்தான். திரும்ப," என்றார். செக்ரட்டரி அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரியும் முதல்ல இப்படித்தான் தம்பி. ஒரு தடவை புஸ்தகத்தையே மூடிட்டா."

அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

அடுத்த முயற்சி கடை. இனிமேல் புதன்கிழமை சாயங்காலம் தனக்குக் கடையில் வேலை போட்டுவிட்டார்கள் என்றும், முதலாளி கறார் பேர்வழி என்றும் சொன்னான். உண்மையில் முதலாளி பசு. இந்தப் பழி அவர்மேல் விழுந்தது தெரிந்தால் அழுதிருப்பார்.

மாஸ்டர் யோசித்தார். அவனுக்கு விடுமுறை எந்த நாள் என்று கேட்டார். பொய்யைத் தயார் செய்தவன் இந்தக் கேள்விக்குத் தயார் செய்யவில்லை. "வெள்ளி," என்று உண்மை வந்துவிட்டது.

"அப்ப வெள்ளிக்கிழமை வெச்சுக்குவோம்."

சங்கத்தில் சலசலப்பு. வெள்ளிக்கிழமை தையற்காரருக்குத் துணி கொடுக்கும் நாள். டாக்டருக்குக் கூட்டம் நெரியும் நாள். செக்ரட்டரி அம்மாவுக்குப் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் முறை. முகங்கள் சுருங்கின. அவன் நம்பிக்கையோடு பார்த்தான். மாஸ்டர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். முகங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஆகட்டும் என்றார்கள்.

"எனக்காக மாத்த வேண்டாம் மாஸ்டர். ஒரு ஆள்தானே."

"வாக்குன்னு ஒண்ணு இருக்கு தம்பி," என்றார் மாஸ்டர்.

சங்கத்துக்குக் கொடுத்த வாக்கைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான். தான் எப்போது கொடுத்தோம் என்று யோசித்தான். நினைவில்லை.

இப்போது அவளுடைய புதன்கிழமை போனதோடு, நிம்மதியாகப் படுத்துக் கிடந்த வெள்ளிக்கிழமையும் போயிற்று. எரிச்சலில் அவன் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய பிசகு. வீடு மாறிவிட்டேன் என்றான். எங்கே என்றார்கள். ஊரின் அந்தக் கோடியில், விளம்பரப் பலகையில் பார்த்த ஓர் அடுக்குமாடியின் பெயரைச் சொன்னான். இனி வந்து போவது கஷ்டம் என்று பெருமூச்சும் விட்டான்.

டாக்டர் முகம் மலர்ந்தது. "அட, என் வீட்டுக்கு அடுத்த தெரு. வாசல்ல நில்லு, நானே கார்ல கூட்டிட்டு வந்துடறேன்."

அவன் உண்மையான வீடு ஒத்திகை ஹாலிலிருந்து கூப்பிடு தூரம். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, ஊர்க்கோடிக்குப் போய், தனக்குச் சம்பந்தமில்லாத அடுக்குமாடி வாசலில் நின்றான். டாக்டர் வந்து ஏற்றிக்கொண்டு, அவன் வீட்டு வாசல் வழியாகவே ஹாலுக்குக் கூட்டி வந்தார். முடிந்ததும் அதே வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுபோய் ஊர்க்கோடியில் இறக்கினார். அவன் கையசைத்து, கார் மறைந்ததும் பஸ்ஸுக்கு ஓடினான். தன் வீட்டைத் தானே இவ்வளவு ஏக்கத்தோடு கார் ஜன்னல் வழியாகப் பார்த்தவன் உலகத்தில் அவனாகத்தான் இருப்பான்.

அந்த அடுக்குமாடிக் காவல்காரர் முதலில் முறைத்தார். அப்புறம் வணக்கம் வைத்தார். அப்புறம் உட்கார நாற்காலி போட்டார். அந்த நட்புதான் வினையாயிற்று.

ஒரு நாள் டாக்டர் காரை நிறுத்தி இறங்கினார். தாகமாக இருக்கிறது, வீட்டைக் காட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்றார்.

"இன்னிக்குத் தண்ணி வரலை டாக்டர்."

"நல்லா வருதே சார்," என்றார் காவல்காரர், கட்டடத்தின் மானம் காக்க.

டாக்டர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டார். அண்ணி போனபிறகு தன் அண்ணனும் இப்படித்தான் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை, உள்ளே போட்டது போட்டபடி கிடந்தது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று காரில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஒத்திகையில் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய் தம்பி வீட்டைச் சுத்தம் செய்வது. தபால்காரர் துடைப்பம் கொண்டுவருவார். கீழ்க்குரல் வரிசை ஒட்டடைக்குப் பொறுப்பு.

அவன் அன்றைக்கே பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டதாக அறிவித்தான். அந்த வீடு மனசுக்கு ஒட்டவில்லை என்றான். பழைய வீடுதான் அவளோடு இருந்த வீடு என்பதால் பெண்கள் வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டது. டாக்டர் மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஊரைச் சுற்றி வந்து, ஹாலுக்கு நடந்தே போகக்கூடிய அவன் வாசலில் நின்று ஹாரன் அடித்தார். இனிமேல் மட்டம் போடவும் வழியில்லை.

கச்சேரி நாள் வந்தது.

அவன் முடிவு செய்துவிட்டான். பொய் சொன்னால் இரக்கப்படுகிறார்கள். தப்புச் செய்தால் மன்னிக்கிறார்கள். மன்னிக்கவே முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். அப்படி ஒன்று அந்தப் பாட்டிலேயே இருந்தது.

சோகப் பகுதி முடியும் இடத்தில் ஒரு மௌனம். எல்லாக் குரலும் பியானோவும் ஒரே நேரத்தில் நிற்கும். மாஸ்டர் கையை மேலேயே பிடித்திருப்பார். அவர் இறக்கும்வரை மூச்சு விடுகிற சத்தம்கூடக் கூடாது. பாட்டிலேயே பெரிய பாட்டு இதுதான், இங்கே யாராவது தும்மினால் அவர்களை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாஸ்டர் பருவம் முழுக்கச் சொல்லியிருந்தார். ஜலதோஷம் பிடித்ததற்காகவே போன வருஷம் ஒருவரை உட்கார வைத்தவர் அவர்.

அந்த மௌனத்தில் பாடிவிடுவது. பக்கம் திருப்புகிறவன் பாடிவிடுவது.

அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டு ஆரம்பமானது. அவன் பியானோ ஓரம் நின்றான். அவள் நின்ற இடம். அங்கிருந்து பார்த்தால் டெனர் வரிசை நேராகத் தெரிந்தது. தையற்காரருக்கும் தபால்காரருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி. அவர்கள் நெருங்கி நிற்கவில்லை. அவனுக்காக விட்டு வைத்திருந்தார்கள்.

பியானோக்காரம்மா தலையசைத்தார். திருப்பினான். தலையசைத்தார். திருப்பினான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மௌனம் வந்தது. மாஸ்டரின் கை உயர்ந்தது. அரங்கம் மூச்சைப் பிடித்தது. அவன் வாயைத் திறந்தான்.

வந்தது பாட்டு இல்லை. சுருதியில் இருந்ததா என்றால், அது எந்தச் சுருதியிலும் இருக்கக்கூடியது இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பல் இல்லாத இடத்தில் விசிலடித்து, நீளமாகப் போய் நின்றது. இவ்வளவு சத்தம் தனக்குள் இருந்தது என்று அவனுக்கே தெரியாது.

மாஸ்டரின் கை இறங்கவில்லை. யாரும் அசையவில்லை. முதல் வரிசையில் ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார். பின்னால் இன்னொருத்தர். கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுக்கக் கைக்குட்டை. பல் டாக்டர் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு ஆனந்தப் பகுதி ஆரம்பித்தபோது, அழுதுகொண்டே பாடியதாலோ என்னவோ, சங்கம் பிறந்ததிலிருந்து அப்படிப் பாடியதில்லை.

முடிந்ததும் மாஸ்டர் நேராக அவனிடம் வந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடுத்த பருவம் உங்களுக்குத் தனிப் பாட்டு," என்றார் மாஸ்டர். "நீங்க பாடின அந்த இடத்தை அப்படியே வெச்சுக்கப் போறோம்."

கூட்டம் கலைந்தது. மற்றவர்கள் வெளியே வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அவனும் பியானோக்காரம்மாவும் மட்டும். அவர் விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் நாற்காலிகளை மடக்கினான். பாதி மடக்கியவன் ஒரு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பேசாதவர், கேட்காதவர். சுவரிடம் சொல்வதைவிட இது மரியாதை.

"எனக்கு இந்தப் பாட்டு பிடிக்காதுங்க," என்றான். "ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. நாலு வரிக்கு மேல கேட்டா தலை வலிக்கும். அன்னிக்கு அந்தப் போஸ்டர் முன்னாடி அவ நின்ன நிப்பைப் பார்த்துட்டுத்தான் சேரலாமான்னு கேட்டேன். அவளுக்கு இது உயிரு. இப்ப நானா விட்டா, அவளை விட்ட மாதிரி இருக்கு. நீங்களா அனுப்பவும் மாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்றது?"

பியானோக்காரம்மா துடைப்பதை நிறுத்தினார். பியானோவை மூடினார். கம்பளித் துணியை எடுத்து அதன்மேல் போர்த்தினார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின ஒத்திகையில அவ மாஸ்டர்கிட்ட வாக்கு வாங்கிட்டா தம்பி," என்றார். குரல் நன்றாகவே இருந்தது. "'அவருக்கு இந்தப் பாட்டுன்னா உயிரு. நான் இல்லைன்னா விட்டுடுவாரு. என்ன ஆனாலும் அவரை விட்டுடாதீங்க'ன்னு."

அவன் எழுந்து நின்றான். "எனக்கா? அவளுக்குத்தானே..."

"அவ என் பக்கத்துல நின்னு பக்கம் திருப்பினவ. என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவா. எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டா, உங்களை மாதிரியே." கைப்பையை மாட்டிக்கொண்டார். விளக்கை அணைக்கப் போனவர், திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு அவ செருப்புல கல்லு மாட்டிக்கிச்சாம் தம்பி, அதை எடுக்கலாம்னு உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம், நிமிந்து பார்த்தா நீங்க போஸ்டரைப் படிச்சுக்கிட்டிருந்தீங்களாம்."